காசும் மேலெழுத்தும்

பொருளீட்டுதல் வேறு, காசு தொகுத்தல் வேறு. முன்னையது வாழ்க்கைக்கு வேண்டுவது. அதனைப்பற்றி அறிவுரை கூறுதற்கு யாம் உரியேம் அல்லேம். பின்னையதோ, ஒரு காலத்தே கைம்மாறிக் கைம்மாறித் திரிந்து, இன்று வழக்கொழிந்து ஒரு மூலையிற் கிடக்கும் உலோகத்துண்டினை எடுத்து, 'நீ யார்? எவ்வூரிற் பிறந்தாய்? எவன் ஆணையால் வழங்கினாய்?' என்று வினவும் ஒரு கல்விப் பொழுதுபோக்காகும். இது செல்வர்க்கே உரியதென நம் மாணவருட் பலர் கருதுகின்றனர். பொற்காசும் பேரரசர் காசுமே காசு எனக் கொள்வார்க்கு அஃது உண்மையே. ஆயின், விடுதியிலிருந்து பயிலும் மாணாக்கர் ஒருவர், வாரத்தில் ஒரு நாளைச் சிற்றுண்டிச் செலவினை மிச்சப்படுத்தினும், ஈராண்டிற்குள் மதிக்கத்தக்க ஒரு தொகுதியைச் சேர்த்துவிடலாம். அது செய்யுமாற்றினையும், செய்யுங்கால் காக்கவேண்டிய சிலவற்றினையும் ஈண்டு எழுதப் புகுந்தேம்.

இக்கலைக்கு முதற்பாடம் எந்நூலில் உளது என வினவின், எமக்கு முதற்கண் நினைவிற்கு வருவது சுவிசேஷமே. வரி கொடுத்தல் முறையோ என்று தம்மைச் சோதிக்க வந்தாரிடம் நம் ஆண்டவர் உடனே விடை பகர்ந்தாரல்லர். ஒரு காசினைக் கொணரச் செய்து, அதன்மேலுள்ள உருவும் எழுத்தும் எவர்க்குரியன என்று அவரையே கேட்டருளினார். அவ்விடத்தின் சமயப்பொருளை விரித்தல் பிரசங்க பீடத்திற்கு உரியது. யாம் அதனுட் புகுந்திலேம். எமக்கு வேண்டுவது அவ்வினாவின் முறை ஒன்றே. கையில் வந்த காசு எத்துணை விலை பெறும் என்று கேட்பவன் வணிகன்; உருவம் எவருடையது, எழுத்து எவருடையது என்று கேட்பவனே காசு தொகுப்போன். இவ்விரண்டு வினாக்களும் நாணயவியலுக்கு அகர ஆகாரங்கள் போல்வன.

அன்று அவர் கையிற் கொடுக்கப்பட்ட காசு எது? திபேரியு இராயன் (கி.பி. 14-37) வெளியிட்ட தெனாரியம் என்னும் வெள்ளிக்காசே அஃது என்பது நெடுங்காலமாக வழங்கும் கருத்து. முடிந்த முடிபு என்று அதனைக் கூறுதற்கில்லை எனினும், பெரும்பான்மையோர் ஏற்பது அதுவே. அக்காசின் முகப்பில் வாகைமாலை சூடிய இராயனது தலையும், அவன் தெய்வநிலை எய்திய அகுஸ்துவின் மைந்தன் என்னும் பொருள்பட இலத்தீன் எழுத்துக்களும் உள்ளன. மறுபுறத்தில் இருக்கையில் வீற்றிருக்கும் ஒரு பெண்ணுருவும், தலைமைக் குரு என்னும் பட்டமும் காணப்படும். பலஸ்தீன நாட்டுக் கதையாகவே நாம் கேட்டுப் பழகிய இக்காசு நம் கொங்கு நாட்டு மண்ணிற் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-லும், மீண்டும் 1891-லும் வெளிப்பட்ட புதையல்களில், அகுஸ்து, திபேரியு ஆகிய இருவர் காசுகளே மிகுதி. மிளகும் முத்தும் பிறவும் கொண்டுசென்ற யவனர் இவற்றைக் கொணர்ந்தனர் போலும். இந்தியா ஆண்டுதோறும் உரோமரிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ஈர்த்துக்கொள்ளுகின்றது என்று பிளினி முறையிட்டதும் இதனை ஒட்டியதே.

புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த புதையல் இன்னும் வியக்கத்தக்கது. அதில் இருந்த 501 உரோமப் பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றின்மேல் இராயரின் முகம் உளியால் குறுக்கே வெட்டப்பட்டிருக்கின்றது. மீண்டும் காசாகச் செல்லாதவாறு செய்தற்கு வெட்டினரோ, பொன்னின் தரத்தை ஆய்தற்கு வெட்டினரோ, அயல்நாட்டு மன்னன் உருவை ஏற்க மனமின்றி வெட்டினரோ என அறிஞர் பலவாறு கூறுப. உருவம் எவருடையது என்னும் வினாவிற்கு நம் முன்னோருள் எவரோ உளியால் விடை கூறியிருக்கின்றனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. இஃது எம் கற்பனையாகவும் இருக்கலாம்.

நிற்க. உரோமக் காசினைக்கொண்டு தொடங்குக என்று யாம் கூறேம். விலையும் மிகுதி, போலியும் மிகுதி. அன்றியும், தன் வீட்டுக் காசினைப் படிக்கத் தெரியாதவன் உரோமக் காசினைப் படித்து என் செய்வான்? நம் நாவில் வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்குதல் தக்கது.

தமிழ்ப் பயிலும் எமக்கு, காசு தொகுத்தலிற் கிடைக்கும் இன்பத்திற் பாதி சொல்லாராய்ச்சியே. நம் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக் காண்க. தெனாரியத்தை மொழிபெயர்த்தவர் 'பணம்' என்றனர். ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்டவற்றைக் 'காசு' என்றனர். அவ்விரு காசின் மதிப்பைத் 'துட்டு' என்றனர். இம்மூன்றும் வெறுஞ் சொற்களல்ல. மூன்றும் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் உண்மையாகவே வழங்கிய நாணயங்கள். சென்னையில் ஆங்கிலக் கம்பெனியார் வழங்கிய முறைப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3360 காசு. இக்கணக்கு 1818-ல் ரூபாய் முறை சென்னை மாகாணத்திற்கு வந்தபோது ஒழிந்தது. அப்போது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என மதிப்பிட்டனர். கணக்கு ஒழிந்தும் சொல் ஒழியவில்லை. பணம் என்று நாம் இன்று பொதுவாகக் கூறுவது அன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர். அப்பணமே ஆங்கிலரின் வாயில் 'ஃபனம்' ஆயிற்று. காசு 'காஷ்' ஆயிற்று.

துட்டு என்பதோ தமிழே அன்று. அஃது ஒல்லாந்தரின் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயர். நாகப்பட்டினம், தூத்துக்குடி, பழவேற்காடு, இலங்கைக் கரை ஆகிய இடங்களில் ஒல்லாந்தக் கம்பெனி வாணிகம் செய்தபோது அச்சொல் நம்மிடம் குடியேறியது. கம்பெனி 1799-ல் ஒழிந்தது. துட்டோ இன்னும் நம் ஊர்ப் பேச்சில் உயிரோடிருக்கின்றது. தொடங்குவார்க்கு யாம் முதற்கண் பரிந்துரைப்பது இத்துட்டினையே. கிழக்கு நாடுகளின் பொருட்டு 1726 முதல் பல்லாண்டுகள் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டமையால், இன்றும் எளிய விலைக்குக் கிடைக்கின்றது. ஒரு புறத்தில் கம்பெனியின் மூன்று எழுத்துக்கள் ஒன்றனுள் ஒன்றாகப் பின்னிய முத்திரையும், அதன்கீழ் ஆண்டும் உள்ளன. மறுபுறத்தில், அதனை அடித்த ஒல்லாந்த மாகாணத்தின் கேடயச் சின்னம் உளது. ஆண்டு தெளிவாக எழுதியிருத்தலின், படிக்கப் பழகுவார்க்கு இதனினும் நல்ல அரிச்சுவடி இல்லை.

இத்துட்டிற்கு அடுத்து, ஆங்கிலக் கம்பெனியின் 1808-ஆம் ஆண்டுப் பத்துக்காசு, இருபதுகாசுகளைக் கூறலாம். இவை சென்னையில் வழங்குதற்பொருட்டு பர்மிங்காம் நகரில் மத்தேயு போல்டன் என்பாரது நீராவி அச்சுச்சாலையில் அடிக்கப்பட்டவை. ஒரு புறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்தில் மதிப்பு. இவற்றுள் ஒரு பெருந்தொகையை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1984, 1985-ஆம் ஆண்டுகளில் மூழ்குவோர் அக்காசுகளைக் கடலினின்றும் எடுத்தனர். சென்னைக் கடைத்தெருவைக் காணாமலே பழங்காசாகிவிட்ட காசுகள் இவை! ஒருவர் கைபட்டும் தேயாதவை, உப்புநீரே அரித்தவை. சென்னையிற் புழங்கித் தேய்ந்த ஒரு காசினையும், கடலினின்றும் வந்த ஒரு காசினையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு, தேய்வு என்பது யாது, அரிப்பு என்பது யாது என ஆசிரியரின்றியே விளங்கும்.

தரங்கம்பாடியிற் தேனியர் அடித்த சிறு காசுகளை யாம் தனியே விரும்புகின்றோம். 1620 முதல் 1845-ல் ஆங்கிலர்க்கு விற்கும்வரை அவ்வூர் தேனியர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் செப்புக்காசு நகத்தளவே இருக்கும். முகப்பில் அரசன் பெயரின் முதலெழுத்தும், அவன் எத்தனையாவன் என்னும் எண்ணும், மேலே முடியும் காணலாம். நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை உடைய காசு ஒன்றினைக் கையில் வைத்து நினைக்குங்கால், 1706-ல் சீகன்பால்கு ஐயரைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பிய அரசன் இவனே என்பதும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட அந்நாளில் தரங்கம்பாடி மீன்கடையில் இக்காசே மாறியிருக்கும் என்பதும் உள்ளத்திற் தோன்றும்.

இவை யாவும் விலைகொடுத்துப் பெறுவன. விலையின்றிப் பெறுவன தம் வீட்டிலேயே உள. பாட்டியாரின் டிரங்குப்பெட்டி, பழைய உண்டியல், தையற்பொறியின் இழுப்பறை ஆகியவற்றை, உரியவர் இசைவு பெற்று, ஒருமுறை ஆராய்க. நடுவே துளையுடைய காலணா அகப்படலாம். அது 1943 முதல் 1947 வரை, உலகப்போரினால் செம்பு அருகியபோது, உலோகத்தை மிச்சப்படுத்த நடுவே குடைந்து அடிக்கப்பட்டது. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு நூறு என்னும் தசம முறை தோன்றியபோது வந்த நயா பைசாக்கள் அகப்படலாம். 1964-ல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. 1968 முதல் 1971 வரை அடித்த, தாமரை பொறித்த பித்தளை நிற இருபது பைசா அகப்படலாம். சதுர ஐந்து பைசாவும், அறுகோண மூன்று பைசாவும் நிச்சயமாக அகப்படும். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதனவாயின. ஆதலின் இவற்றைச் சேர்ப்பதால் எவர்க்கும் இழப்பில்லை.

இவற்றுள் ஒவ்வொன்றின் ஆண்டின் கீழும் உருப்பெருக்கியால் நோக்குக. ஒரு சிறு புள்ளி இருப்பின் நொய்டா அச்சுச்சாலை. விண்மீன் இருப்பின் ஐதராபாத்து. சாய்சதுரம் இருப்பின் பம்பாய். ஒன்றும் இல்லையேல் கல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே காசு நான்கு ஊர்களிற் பிறந்திருத்தலை அறிந்த அன்றே, பையிலுள்ள சில்லறை முழுவதும் படிக்கத்தக்க நூலாகிவிடும். செலவு ஒரு பைசாவும் இல்லை.

வெள்ளி ரூபாயைப் பற்றியும் ஒன்று கூறுவோம். 1835-ல் கம்பெனியார் ஏற்படுத்திய பொது ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் எடையுள்ளது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்பதும் இவ்வெடையே. நம் பாட்டிமார் மருந்துச் சரக்கை 'ஒரு ரூபாய் எடை' என அளந்தது இதனாற்றான். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கலும் வேங்கையுமே உள்ளன. இவ்வரிசையிலே 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் புகழ்பெற்றது. அரசரின் அணியிற் பொறித்த யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோற் தோன்றவே, மக்கள் மனம் புண்பட்டனர். அரசினர் அதனை மீட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டே துதிக்கையைத் திருத்தி வெளியிட்டனர். துதிக்கையின் ஒரு சிறு கோடு ஓர் அரசாங்கத்தைப் பின்வாங்கச் செய்ததென்றால், காசினை நோக்குவோன் எத்துணை நுணுகி நோக்கல்வேண்டும்!

இனி, கைக்கொள்ளும் முறை. வேண்டும் கருவிகள் நான்கே: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு நிறைகோல், விட்டம் அளக்கும் இடுக்களவி, கோடிட்ட ஒரு குறிப்பேடு. இந்நான்கனுள் இன்றியமையாதது யாதெனின், குறிப்பேடே என்போம். காசினை விளிம்பிற் பிடித்து எடுக்க. முகத்தில் விரல் படலாகாது, வியர்வையின் உப்பு கறையாகும். கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்க.

காசு கையில் வந்தவுடன் அதனைத் துலக்கிப் பளபளப்பாக்க வேண்டும் என்னும் அவா எல்லார்க்கும் உண்டாம். புளியிட்டுத் தேய்த்தல், எலுமிச்சஞ்சாற்றில் ஊறவைத்தல், சாம்பலாற் துலக்குதல், பற்பசை பூசுதல் ஆகியவை குத்துவிளக்கிற்கு ஆகும், காசிற்கு ஆகா. செம்பின்மேற் படர்ந்த பழுப்பும் கரும்பச்சையும் அழுக்கு அல்ல; நூற்றாண்டுகள் அதன்மேற் போர்த்த போர்வை. அதனை உரித்தால் அதனோடு எழுத்தின் மெல்லிய விளிம்பும் உரிந்துபோம். உரிந்த எழுத்தை மீட்பார் உலகில் இலர். மண் ஒட்டியிருப்பின், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுத்தல் போதும். ஆயின், வெளிறிய பச்சைத்தூள் உதிர்வதாயின் அது நோய். அக்காசினை மற்றவற்றினின்றும் பிரித்து வைத்து அறிந்தார்க்குக் காட்டுக. காசு வைக்கும் உறைகளுள், மணம் வீசும் மெத்தென்ற பி.வி.சி. நெகிழி உறை கூடாது. நாளடைவில் அதனின்றும் அமிலம் கசிந்து காசின்மேற் பசைபோற் படியும். அமிலமற்ற தாளுறை போதும். மழைக்காலத்தே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலம் ஒன்று பெட்டியுள் இருத்தல் நன்று.

வஞ்சகரைப் பற்றிச் சிறிது எச்சரியாது மேற்செல்லல் கூடாது. இராமர், சீதை, அனுமார் உருவங்களோடு 1818 முதலிய ஆண்டுகளும் கம்பெனியின் பெயரும் பொறித்த செப்புக்காசுகளைத் திருவிழாக் கடைகளிற் காணலாம். கம்பெனியார் அத்தகைய காசு ஒன்றேனும் அடித்தாரல்லர். 'அரிசி இழுக்கும் செம்பு' என்று ஒரு காசைக் காட்டி இலட்சம் பறிப்பாரும் உளர். உம் கையிலுள்ள பழைய இரண்டு ரூபாய் கோடி பெறும், முன்பணம் கட்டுக என்று செய்தி அனுப்புவாரும் உளர். தன் பெயரால் இத்தகைய மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. மெய்யான போலிகளை அறிதற்கு நிறைகோலே நல்ல நண்பன். 11.66 கிராம் இருக்கவேண்டிய ரூபாய், தேயாத தோற்றத்தோடு 10 கிராம் காட்டுமாயின் விலகுக. அச்சில் அடித்த காசின் எழுத்து கூர்மையாக எழும். அச்சுவார்த்த போலியின் எழுத்து கரைந்த சோப்புப் போல் மழுங்கி, முகத்தில் ஊசித்துளைகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் காட்டும்.

மேற்கூறியவை அனைத்தும் எந்நாட்டு மாணவர்க்கும் பொருந்துவன. தமிழ்நாட்டு மாணவர்க்கே உரிய பொறுப்பு ஒன்றுண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

நம் பழைய மன்னர்களைப் பற்றிப் பாட்டு உண்டு. காசு இல்லை என்று ஒரு காலத்தே கூறினர். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற காணங்களை நூறாயிரக் கணக்கிற் கூறுமாயினும், சேரன் பெயர் பொறித்த காசு ஒன்றும் கண்ணிற்பட்டிலது. பின்னர், 1980-களிலிருந்து, பத்திரிகாசிரியரும் காசு தொகுப்பவருமாகிய இரா. கிருஷ்ணமூர்த்தி என்பார், தமிழ்-பிராமி எழுத்திற் 'பெருவழுதி' எனப் பொறித்த செப்புக்காசினையும், 'மாக்கோதை' எனப் பொறித்து உரோமர் பாணியில் தலையுருவம் அமைந்த வெள்ளிக்காசினையும், பிறவற்றையும் படித்து வெளியிட்டனர். சங்ககாலத்து மன்னன் ஒருவன் முகத்தைத் தமிழர் முதன்முறை கண்டது ஒரு விரல் நுனியளவு வெள்ளியில்! பல்கலைக்கழகம் செய்யாததைக் காசு தொகுப்பவர் ஒருவர் செய்தனர் என்பதனால் யாம் பெருமிதம் கொள்ளுகின்றோம்.

ஆயினும் அப்பெருமிதத்தினூடே ஒரு குறையும் உண்டு. அத்தகைய காசுகளிற் பல, கரூர் அமராவதி ஆற்றுமணலைச் சலிப்பாரிடமும், பழைய பாத்திரக் கடைகளிலும், இடைத்தரகரிடமும் கிடைத்தவை. எந்த மண்ணடுக்கில், எவ்வகைப் பானையோட்டின் அருகே, எக்காசோடு சேர்ந்து கிடந்தது என்று கூறுவார் இலர். காசு நம்மிடம் உளது. அதன் சாட்சியத்திற் பாதி ஆற்றோடு போயிற்று. அங்ஙனம் வந்ததாவது வாழ்ந்தது. ஏர்முனையில் அகப்பட்டு, ஊரறியாமல் நகைசெய்வார் உலையில் உருகிப்போன புதையல்கள் எத்தனையோ! வெள்ளியின் எடைக்கு விலை கொடுத்தனர். எழுத்திற்கு விலை கொடுத்தார் இலர்.

ஆதலின் காசு வாங்கும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, 'எவ்வளவு?' என்பதன்று, 'எங்கே கிடைத்தது?' என்பதே. விடை கிடைப்பின், குறிப்பேட்டில் ஊர், நாள், தந்தவர் கூறியது கூறியவாறே எழுதிக்கொள்க. விடை மழுப்பலாயின், அண்மையில் மண்ணினின்றும் எடுத்த குவியலாயின், விலை எத்துணை மலிவாயினும் வாங்காது விடுக. குவியலினின்றும் ஒரு காசைப் பிரித்து வாங்குதல், ஏட்டுச்சுவடியினின்றும் ஓர் ஏட்டைக் கிழித்தெடுத்தல் போல்வது. இதனை எம் நண்பர் சிலர் மிகையெனக் கூறுவர். 'நாம் வாங்காவிடின் வேறொருவன் வாங்குவான், அல்லது உருக்குவான்' என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் வாங்குவார் உளர் என்பதனாற்றான் ஆற்றுமணல் மேன்மேலும் சலிக்கப்படுகின்றது என்பதையும் அவர் எண்ணல்வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையற் சட்டத்தின்படி, மண்ணுள் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர், மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. அறிவித்தால் எல்லாம் பறிபோய்விடும் என்னும் அச்சமே மக்களை உலைக்கு ஓட்டுகின்றது. அவ்வச்சம் வேண்டாததே, அரசினர் அப்புதையலை எடுத்துக்கொள்ளின், அப்பொருளின் மதிப்பும் அதன்மேல் ஐந்திலொரு பங்கும் கொடுத்தே எடுத்தல் வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கின்றது. இச்செய்தியை விடுமுறைக்குச் செல்லும் மாணவர் தம் ஊர் உழவர்க்கு எடுத்துரைப்பராயின், ஒரு காட்சிச்சாலை கட்டியதற்கு ஒப்பாகும். நூறாண்டிற்கு மேற்பட்ட காசினை நாட்டிற்கு வெளியே தனியார் அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது என்பதையும் அயல்நாட்டிலுள்ள உறவினர்க்குப் பரிசளிக்க எண்ணுவார் நினைவிற் கொள்க.

மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு இத்துறையில் முன்னோடிகள் உளர். வேலூரில் ஊழியம் செய்த தேனியராகிய லோவெந்தால் ஐயர், திருநெல்வேலிக் காசுகளைப் பற்றிய நூலை 1888-ல் சென்னையில் வெளியிட்டனர். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த டிரேசி ஐயரும் அதே காலத்திற் பாண்டியர் காசுகளை ஆராய்ந்து எழுதினர். 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' என்றாற்போலத் தமிழெழுத்திலேயே விருதுப்பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசுகள் இன்றும் தொடங்குவார்க்கு எட்டும் விலையில் உள்ளன. கல்வெட்டெழுத்துப் பயில்வார்க்கு அவை நல்ல பயிற்சி. அதற்கு அடுத்த ஆண்டு, 1889-ல், கப்பித்தான் டஃப்னெல் என்பார் தென்னிந்தியக் காசு தொகுப்பார்க்கென்றே ஒரு குறிப்புநூல் எழுதினர். 1933-ல் தேசிகாச்சாரியார் வெளியிட்ட தென்னிந்தியக் காசு நூலும் இன்றளவும் பயன்படுவது. நூல்களைக் கண்டபின் சென்னை எழும்பூர் அரசினர் காட்சிச்சாலைக்கு ஒரு முழுநாள் செல்க; உடன் வருவார் பொறுமை உடையவராய் இருத்தல் நன்று.

எம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் உள்ளதை மாதிரியாகக் கூறுவோம்: ஒல்லாந்தத் துட்டு, செம்பு, 3 கிராமின் அளவு, ஒரு புறம் கம்பெனி முத்திரை, ஆண்டின் ஈற்றெண் தேய்ந்தது, மறுபுறம் முடியணிந்த கேடயம், கிடைத்த இடம், நண்பரின் பாட்டனார் வீடு, அவர்க்குக் கிடைத்த இடம் — இவ்விடத்தை வெறுமையாக விட்டுள்ளோம், பாட்டனாரைக் கேட்டபின் நிரப்புதற்கு.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரும் ஆசிரியப் பெருமக்களும் தத்தம் வீட்டிலுள்ள பழங்காசு எவ்வழி வந்தது, எவர் கொணர்ந்தார், எந்த நிலத்திற் கிடைத்தது என அறிந்ததை ஒரு தாளில் எழுதித் தமிழ்த்துறைக்கு அனுப்புவாராக. காசினை அனுப்பவேண்டா, அதன் இருபுறத்தையும் மெல்லிய தாளில் வைத்துப் பென்சிலாற் தேய்த்தெடுத்த படியும், எடையும் போதும். வந்தவற்றையெல்லாம் ஊர்வாரியாகப் பகுத்து எழுதிவைக்க யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.